ஒரு பெட்டியும் இரு பூட்டுக்களும்

எமது கல்லூரி அன்னையின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, யாது எழுதுவதென்று சில நாள் மயங்கினோம். ஆசிரியப் பெருமக்களின் அருமை பெருமைகளையும், மைதானத்திலே நிகழ்ந்த பழைய வெற்றி தோல்விகளையும் எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். யாமோ வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கணனிகளோடு கழித்தவர். ஆதலின், அத்தொழிலில் யாம் செய்த பிழையொன்றை எழுதுவதே எமக்குத் தகுமெனத் துணிந்தோம். அப்பிழையினால் இடருற்றவரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. அவருடைய இசைவைப் பெற்றே இதனை எழுதுகின்றோம். பெயரை மாத்திரம் விடுத்தோம்.

கணனியைப் பற்றிச் சொல்லுமுன் விடுதிச்சாலைக் கிணற்றடியைப் பற்றிச் சிறிது சொல்லல் வேண்டும். யாம் விடுதியில் வாழ்ந்த காலத்திலே காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் அத்துலாக் கிணற்றடியில் நிகழும் நெருக்கடியை அக்காலத்து அன்பர் எவரும் மறந்திரார். அடுத்த முறை தன்னுடையதென்பதை அறிவித்தற்கு மேல்மாடி மாணவர் கிணற்றுக்கட்டின்மேற் சவர்க்காரப் பெட்டியை வைப்பர். கீழ்த்தளத்து மாணவரோ ஆடுகாலிலே துவாயைப் போட்டுவிட்டுப் பல் விளக்கப் போவர். இரண்டும் நல்ல வழக்கங்களே. மேல்மாடியார் தம்முள் ஒருநாளும் சண்டையிட்டதில்லை. கீழ்த்தளத்தார் தம்முள்ளும் அவ்வாறே. ஆயினும், துவாயைப் போட்டவன் சவர்க்காரப் பெட்டியைப் பாரான். பெட்டியை வைத்தவன் துவாயைப் பாரான். இருவரும் ஒரே கணத்தில் வாளிக்கயிற்றைப் பிடிப்பர். இருவரும் நியாயம் தம் பக்கமே என்பர். இருவர் சொல்வதும் உண்மையே. இதனாலெழுந்த கைகலப்பொன்றில் எமது மூக்குக்கண்ணாடி கிணற்றுள் வீழ்ந்த கதையை ஈண்டு விரிப்பின் பெருகும்.

யாம் பின்னாளில் இங்கிலாந்து சென்று ஆங்குள்ள பல்கலைக்கழகமொன்றிலே கணனி முறைமைகளைப் பராமரிக்கும் பணியில் அமர்ந்தோம். அக்காலத்தில் மாணவரும் ஆசிரியரும் தத்தமக்கென ஒவ்வொரு கணனி வைத்திருந்தாரல்லர். யூனிக்ஸ் முறைமையில் இயங்கும் பெரிய கணனியொன்றிருக்கும். நூற்றுக்கணக்கானோர் தத்தம் முனையங்களிலிருந்து அதனுட் புகுந்து வேலை செய்வர். யூனிக்ஸ் 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே தோன்றியது. 1971 இல் வெளிவந்த அதன் முதற் கைந்நூலிலேயே கடிதம் அனுப்பும் செய்நிரலொன்று இடம்பெற்றது. அன்று வகுத்த முறையே நெடுங்காலம் நிலைத்தது. அஃதாவது, ஒருவருடைய அஞ்சற்பெட்டி என்பது ஒரே ஒரு கோப்பு. வந்த கடிதங்கள் யாவும் அதிலே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும். 'ஃப்ரம்' என்னும் ஆங்கிலச் சொல்லோடு தொடங்கும் வரியே புதிய கடிதத்தின் தொடக்கத்துக்கு அடையாளம். கடிதத்தின் நடுவே ஒருவர் தற்செயலாக அச்சொல்லால் ஒரு வரியைத் தொடங்கிவிட்டால், அதன் முன்னே ஓர் அம்புக்குறியைச் செருகி வைப்பார்கள். தமக்கு வந்த கடிதங்களிலே காரணமின்றித் தோன்றிய அவ்வம்புக்குறியைக் கண்டு வியந்த அன்பர்கள் இம்மலரை வாசிப்போருள்ளும் இருத்தல் கூடும்.

இக்கோப்பிலே கைவைப்போர் இருவர். ஒருவர், வெளியிலிருந்து வரும் கடிதத்தைக் கொணர்ந்து கோப்பின் இறுதியிற் சேர்க்கும் விநியோகச் செய்நிரல். மற்றவர், உரியவர் கடிதங்களை வாசித்தற்குப் பயன்படும் வாசிப்புச் செய்நிரல். பின்னையது வாசிப்பதோடு நில்லாது. வேண்டாத கடிதங்களை அழித்துவிட்டு உரியவர் வெளியேறும்பொழுது, எஞ்சியவற்றை முன்னிருந்து மீள எழுதிக் கோப்பின் மிகுதியை வெட்டிவிடும். அவ்வாறு வெட்டும் கணத்திலே விநியோகக்காரர் புதிய கடிதமொன்றை இறுதியிலே எழுதிக்கொண்டிருந்தால் யாது நிகழும்? வெட்டுண்ட பகுதியோடு புதிய கடிதமும் போய்விடும். ஆகவேதான் பூட்டு வேண்டியதாயிற்று.

ஆனால், பூட்டென்றவுடன் இரும்புப் பூட்டை நினைத்துக்கொள்ளலாகாது. யூனிக்ஸின் வழமையான கோப்புப் பூட்டு கிணற்றடித் துவாயைப் போன்றது. 'யான் இதிலே வேலை செய்கின்றேன்' என்னும் அறிவித்தலேயன்றி அது கதவன்று. அறிவித்தலைப் பாராது உள்ளே கைவிடுபவனை எவரும் தடுப்பதில்லை. மேலும், அவ்வறிவித்தல் இரு வகைப்பட்டிருந்தது. பழைய வகையிலே, 'கந்தன்' என்னும் பெட்டியைத் தொட விரும்பும் செய்நிரல் 'கந்தன்.லொக்' என்று வெற்றுக் கோப்பொன்றை அருகிலே உண்டாக்கும். அப்பெயரிற் கோப்பு முன்னரே இருப்பின் காத்திருக்கும். வேலை முடிந்ததும் அதனை அழித்துவிடும். இதனைப் புள்ளிப்பூட்டென்போம். புதிய வகையிலே, முறைமையின் உட்கருவிடமே பூட்டைக் கேட்டுப் பெறல் வேண்டும். 1983 இல் வெளிவந்த பேர்க்லி 4.2 பதிப்பு 'ஃபிளொக்' என்னும் பூட்டைத் தந்தது. 1988 இன் பொசிக்ஸ் நியமம் 'எஃப்கொன்ட்ரோல்' என்னும் வேறொன்றை ஏற்றது. இவை ஒன்றையொன்று மதிக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ஒரே கணனியிலே ஒருவர் துவாயையும், ஒருவர் சவர்க்காரப் பெட்டியையும், மற்றொருவர் செம்பையும் வைத்த கதையாயிற்று.

இனி எம் பிழைக்கு வருவோம்.

அஞ்சற்பெட்டிகள் யாவும் இருந்த அடைவு எவரும் புதுக் கோப்பு உண்டாக்கத்தக்கதாகத் திறந்து கிடந்தது. வாசிப்புச் செய்நிரல் பயனரின் அதிகாரத்திலேயே இயங்குவதால், அது புள்ளிப்பூட்டைப் போடுதற்கு அவ்வாறு திறந்திருத்தல் இன்றியமையாதது. ஆயினும் அதிலோர் ஆபத்து உண்டு. குறும்புக்கார மாணவனொருவன் பிறர் பெயரிலே பூட்டுக் கோப்பை உண்டாக்கி அவருடைய அஞ்சலைத் தடுத்துவிடலாம். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் நடுப்பகுதியில் யாம் அவ்வடைவை இறுக்கினோம். முறைமையின் அஞ்சற் குழுவுக்கு மாத்திரமே எழுதும் உரிமை என்றாக்கினோம். பின்னர்க் கடிதமொன்றை அனுப்பிப் பார்த்தோம், சென்றது. வாசித்துப் பார்த்தோம்; வாசித்தது. அழித்துப் பார்த்தோம்; அழிந்தது. பாதுகாப்பைப் பெருக்கினோம் என்ற மனநிறைவோடு வீடு சென்றோம்.

யாம் நோக்காதது ஒன்றுண்டு. வாசிப்புச் செய்நிரல் புள்ளிப்பூட்டைப் போட முயன்று, இயலாமையால் வாளாவிருந்து, உட்கருவின் பூட்டை மாத்திரம் எடுத்துக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தது. விநியோகச் செய்நிரலோ பழைய வழக்கப்படி புள்ளிப்பூட்டை மாத்திரமே அறியும். அன்றுமுதல் இருவரும் பூட்டியே வேலை செய்தனர். ஒருவர் பூட்டை மற்றவர் கண்டிலர். (பைன் என்னும் வாசிப்புச் செய்நிரலின் பிற்காலத்துப் பதிப்புக்கள் இந்நிலையைக் காணின், அஞ்சற்பெட்டி ஆபத்துக்குள்ளாகியிருக்கிறதென்று திரையிலே எச்சரிக்கும். அதனை எரிச்சலோடு நோக்கிய பராமரிப்பாளர் பலர். யாம் ஒருநாளும் எரிச்சலுற்றதில்லை.)

அவ்வாண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதியன்று வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே ஊரைவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்ததை யாம் இங்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. எம்மோடு அப்பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இளையவரின் தாயாரும் அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர். தாயார் எங்கே இருக்கின்றார் என்பதறியாது அவர் பத்து நாள் உறக்கமின்றித் திரிந்தார். கொழும்பிலே அலுவலகமொன்றிற் பணியாற்றிய அவர் மைத்துனருக்கு மின்னஞ்சல் வசதி கிடைத்திருந்தது. செய்தி கிடைத்தவுடன் எழுதுவதாக அவர் சொல்லியிருந்தார். ஆகவே எம் இளையவர் காலையும் மாலையும் தம் அஞ்சற்பெட்டியைத் திறந்து பார்ப்பார், வேண்டாதவற்றை அழிப்பார், வெளியேறுவார்.

நவம்பர் 17 ஆம் திகதி பிற்பகல் அவர் எமது அறைக்கு வந்தார். கையிலே அச்சிட்ட தாளொன்று இருந்தது. "அண்ணை, இதொருக்காப் பாருங்கோ," என்றார். அது கருத்தரங்கு அறிவித்தல். எட்டு நாளின் முன் வந்தது, அன்றே வாசித்துவிட்டார், எந்த அறையில் நடைபெறுகின்றதென்பதை மீளப் பார்ப்பதற்காக அன்று மறுபடி திறந்திருக்கிறார். அறிவித்தல் முடிந்த இடத்திலே, இடைவெளி தானுமின்றி, ஆங்கில எழுத்திலே தமிழ் வரிகள் சில தொடர்ந்தன. முதற்சொல் பாதியிலிருந்து தொடங்கிற்று. "...தினாலாந் திகதி காலமை அவர் வவுனியாவுக்கு வெளிக்கிடுறார். அதுக்கு முன்னம் உன்ரை பதில் வந்தால் காசையும் பிறெசர் மருந்தையும் அவரிட்டைக் குடுத்துவிடலாம். மாமி உன்னைக் கேட்டவ."

அவ்வளவே இருந்தது.

அப்பொழுது யாம் சொன்ன முதல் வார்த்தையை எழுத நாணுகின்றோம். "இது கொழும்புப் பக்கத்துப் பிழையாயிருக்கும், தம்பி. இஞ்சை அப்பிடி நடவாது," என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். வடக்கே செல்லவிருந்தவர் மூன்று நாளின் முன்னரே சென்றுவிட்டார். மைத்துனர் அவரிடம் சொன்னது இதுதான்: "நீ பதில் போடேல்லை எண்டவுடனை, உனக்கு அக்கறை இல்லையாக்கும் எண்டு நினைச்சம்."

அன்றிரவு யாம் வீடு செல்லவில்லை. விநியோகப் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். நவம்பர் 9 ஆம் திகதி காலையிலே கொழும்பிலிருந்து வந்த நீண்ட கடிதமொன்று உரிய பெட்டியிற் சேர்க்கப்பட்டதாகக் குறித்திருந்தது. இளையவர் கணனியை விட்டு வெளியேறியதும் அதே நிமிடம். நிகழ்ந்தது தெளிவாயிற்று. கடிதம் நீண்டதாதலின் விநியோகச் செய்நிரல் அதனைப் பகுதி பகுதியாக எழுதியது. முற்பகுதி பழைய இறுதியிலே எழுதப்பட்டது. அவ்வேளை வாசிப்புச் செய்நிரல் கோப்பை வெட்டிற்று. முற்பகுதி வெட்டுண்ட இடத்தோடு போயிற்று. எஞ்சிய பகுதி புதிய இறுதியிலே, அஃதாவது அழிக்காது விட்ட கருத்தரங்கு அறிவித்தலின் வாலிலே, ஒட்டிக்கொண்டது. புதிய கடிதத்தைத் தொடங்கும் வரி போய்விட்டமையால் செய்நிரல் அதனைத் தனிக் கடிதமாக எண்ணவில்லை. பட்டியலிலே அது பழைய, வாசித்து முடிந்த அறிவித்தலாகவே கிடந்தது. எட்டு நாள் அவர் நாடோறும் இருமுறை அப்பட்டியலைப் பார்த்திருக்கிறார்.

மறுநாட் காலை அவரிடம் சென்று, பிழை எம்முடையதென்று சொன்னோம். ஒக்ரோபரிலே யாம் செய்த மாற்றத்தையும் விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்பு, "அப்ப வேறை ஆக்களுக்கும் இப்பிடி நடந்திருக்குமோ, அண்ணை?" என்று மாத்திரம் வினவினார். அவ்வினாவுக்கு எம்மிடம் விடை இல்லை. வெட்டுண்ட கடிதம் தான் இருந்த சுவட்டையே விட்டுச் செல்வதில்லை. இவருக்கு வால் எஞ்சியது. வாலும் எஞ்சாதவர் எத்தனை பேரென்பதை எவரால் எண்ண முடியும்?

அதன் பின்னர்ப் பூட்டுக்களை ஒழுங்குசெய்யப் புகுந்தோம். அடைவை மீளத் திறந்துவிட மனம் ஒப்பவில்லை. ஆகவே, அஞ்சற் குழுவின் உரிமையோடு புள்ளிப்பூட்டை மாத்திரம் இட்டு எடுக்கும் சிறிய துணைச் செய்நிரலொன்றை எழுதி, வாசிப்போர் அதனூடாகவே பூட்டுமாறு செய்தோம். மட் என்னும் வாசிப்புச் செய்நிரலோடும் இத்தகைய துணையொன்று வழங்கப்படுவதுண்டு. விநியோகக்காரர் உட்கருப் பூட்டையும் எடுக்கவேண்டும் என்று வைத்தோம். இருவரும் இரு பூட்டுக்களையும் எடுத்தால் இனிக் குறையேது என்று கருதினோம்.

அதிலும் ஒரு பேதைமை செய்தோம். விநியோகக்காரர் முதலிற் புள்ளிப்பூட்டையும் பின்பு உட்கருப் பூட்டையும் எடுக்க, வாசிப்போர் முதலில் உட்கருப் பூட்டையும் பின்பு புள்ளிப்பூட்டையும் எடுக்குமாறு அமைந்துவிட்டது. ஒருவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதற்குக் காத்திருப்பார். மற்றவர் மற்றதைப் பிடித்துக்கொண்டு முன்னையதற்குக் காத்திருப்பார். இருவரும் விடார். ஒரு திங்கட்கிழமை காலையிலே பெட்டிகள் பல அசையாது நின்றுவிட்டன. எல்லாரும் ஒரே வரிசையிலே பூட்டவேண்டும் என்பதை அன்று கற்றோம். டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டைத் தொகுப்போர் இதனை விதியாகவே எழுதிவைத்துள்ளனர்: முதலில் எஃப்கொன்ட்ரோல், பின்னர்ப் புள்ளிப்பூட்டு, அன்றேல், காத்து நில்லாது கிடைக்காதவிடத்துக் கைவிட்டு மீண்டும் முயல்க என்பது.

விடுதியிலே ஒரு மாணவன் ஆடுகாலிலே துவாயைப் போட்டபின், வாயிலிலே தந்தையார் வந்திருப்பதாகச் செய்தி கிடைக்க, அப்படியே வீடு சென்றுவிட்டான். கீழ்த்தளத்தார் நெடுநேரம் அத்துவாயைப் பார்த்துக்கொண்டு நின்றனர். புள்ளிப்பூட்டின் நோயும் இதுவே. பூட்டிய செய்நிரல் இடையிலே மடிந்தாலும் பூட்டுக் கோப்புக் கிடக்கும். 5 நிமிடத்துக்கு மேற் பழையதாயின் அதனை நீக்கலாம் என்று வைத்துக்கொள்வர் சிலர். ஆனால் இரு கணனிகளின் கடிகாரங்கள் ஒவ்வாவிடின் இப்போது இட்ட பூட்டும் பழையதாகத் தோன்றும். உட்கருப் பூட்டுக்கு இந்நோய் இல்லை. செய்நிரல் மடிந்தால் பூட்டும் மடியும். எஃப்கொன்ட்ரோலுக்கு வேறொரு விசித்திர குணம் உண்டு. பூட்டிய செய்நிரலே அதே கோப்பை இன்னொரு முறை சும்மா திறந்து பார்த்துவிட்டு மூடினால், முன்னர் எடுத்த பூட்டும் சொல்லாமற் கழன்றுவிடும். இவ்வாறு வகுத்தவர்கள் எதனைக் கருதி வகுத்தார்களோ, எமக்கு இன்றும் விளங்கவில்லை.

பெட்டிகள் ஒரு கணனியிலிருக்க, வலையமைப்பினூடாக வேறு கணனிகளிலிருந்து அவற்றைத் தொடும்பொழுது சிக்கல் இன்னும் பெருகும். சன் நிறுவனம் 1980களில் உருவாக்கிய என்எஃப்எஸ் முறையின் இரண்டாம் பதிப்பிலே, 'இப்பெயரிற் கோப்பு இல்லாவிடில் மாத்திரம் உண்டாக்கு' என்னும் கட்டளையை நம்புதற்கில்லை. இருவருக்கும் ஆம் என்று விடை வரலாம். அதற்கென ஓர் அழகிய உபாயம் உண்டு. முதலில் தன் கணனியின் பெயரையும் தன் இலக்கத்தையும் சேர்த்து, வேறெவரும் இடமுடியாத பெயரிலே கோப்பொன்றை உண்டாக்குக. பின்பு அக்கோப்புக்கே பூட்டின் பெயரை இரண்டாம் பெயராக இணைக்க முயல்க. இணைப்பு வெற்றியா தோல்வியா என்று வந்த விடையை மாத்திரம் நம்பற்க. வேலை முடிந்தும் விடை வழியிலே தொலைந்துபோதல் உண்டு. அக்கோப்புக்குப் பெயர்கள் எத்தனை என்று கேட்க. இரண்டு என்றால் பூட்டு உன்னுடையது. இவ்வுபாயத்தைக் கண்டவரை யாம் மனத்தினாலே பலகால் வணங்கியதுண்டு. 1995 இல் வரையறுக்கப்பட்ட மூன்றாம் பதிப்பிலே அக்குறை நீங்க வழி வகுத்தனர். ஆயினும் பழைய கணனிகள் பலகாலம் உழைத்தன.

எல்லாம் முடிந்தபின் ஓரிரவு சோதனை வைத்தோம். ஒரே பெட்டிக்கு ஆயிரம் கடிதங்களை இலக்கமிட்டு அனுப்பிக்கொண்டே, மறுபுறத்தில் வாசிப்புச் செய்நிரலால் அப்பெட்டியை ஓயாது மீள எழுதுவித்தோம். விடியற்காலையிலே எண்ணினோம், ஆயிரமும் இருந்தன. ஒக்ரோபரிலே செய்திருக்கவேண்டிய சோதனை அது.

பூட்டே வேண்டாத வழியையும் சிலர் கண்டனர். டானியல் பேண்ஸ்டைன் என்பார் 1990களில் கியூமெயில் என்னும் அஞ்சல் முறைமையோடு வகுத்த மெயில்டிர் அமைப்பிலே ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பு. கடிதம் முழுவதையும் ஒரு புறவறையில் எழுதி முடித்தபின்னரே 'புதியவை' என்னும் அறைக்கு அதனை மாற்றுவர். பாதிக் கடிதத்தை எவரும் காணார். ஒன்றை வெட்டப்போய் இன்னொன்றை வெட்டும் நிலையும் இல்லை. மார்க் கிறிஸ்பின் 1986 இல் வகுத்த ஐமாப் முறை பரவியபின், வாசிப்போர் பெட்டியை நேரிலே தொடாது சேவையகத்திடமே கேட்டு வாசிப்பாராயினர். எம் பல்கலைக்கழகமும் யாம் ஓய்வுபெறுமுன் அவ்வழிக்கு மாறிற்று. யாம் எழுதிய துணைச் செய்நிரலை அன்று எம் கையாலேயே நீக்கினோம்.

காசும் மருந்தும் அவ்வாண்டு டிசெம்பரிலே வேறொருவர் கையிலே சென்று சேர்ந்தன. அம்மையார் 1996 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஊர் திரும்பினார். சென்ற ஆண்டு அவ்விளையவரோடு, இப்பொழுது அவரும் இளையவரல்லர், நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அக்கருத்தரங்கு அறிவித்தல் இன்னும் தம்மிடம் உண்டென்றார். மைத்துனர் தாம் அனுப்பியதற்குப் படி வைத்திருக்கவில்லை. முற்பகுதியில் யாது எழுதினார் என்று அவரைப் பின்னர் வினவியபொழுது, மாமி இருந்த வீட்டைப் பற்றியும், நடந்துவந்த வழியைப் பற்றியும், ஆடொன்றைப் பற்றியும் எழுதியதாக மாத்திரம் நினைவிருக்கிறதென்றாராம். எந்த ஆடு என்பது அவருக்கும் மறந்துபோயிற்று.